உடைசல் பலகையில் ஒரு பெயர்

புதிதாக ஆபீஸ் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றி நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள் என்பதையெல்லாம் உங்கள் செல்போனே தினமும் சொல்கிறது. நம் ஜங்ஷனில் ஒலிபெருக்கி சொல்வதும் அப்படித்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அந்தக் குரல் ஆரம்பித்ததும் ஆளாளுக்கு டீ விற்கிற பக்கம் திரும்பிவிடுகிறோம். தினமும் கேட்கிற நல்ல வார்த்தைக்கு நேரும் கதி அது. அதனால் நான் வேறொன்றை எழுதுகிறேன். இதில் வைரஸ் கொஞ்சம்தான் வரும். மனுஷர்கள்தான் அதிகம்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. ஒரு பீங்கான் கம்பெனியின் பேக்கிங்கில் சரக்குக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட எல்லாருக்கும் பயம். எனக்கு அது என்ன விலை என்று தெரியாததால் பயமில்லை. தொட்டேன். "கட்டத் தெரியாதவன் கையில கயிறு நீளம்" என்று பேக்கிங்கில் ஒரு அம்மா என்னைக் கேலி செய்யும். அந்த நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தேன். ஓய்வு பெறும்போது சிஸ்டம் பொறுப்பாளன் என்று ஒரு மாலை போட்டு அனுப்பினார்கள்.

எங்கள் கம்பெனியில் செய்தது மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டரும் ப்யூஸ் கட்டையும். கப்பு, பொம்மை செய்கிற யூனிட்காரர்கள், "ஒங்க சரக்குல அழகே இல்லியேப்பா" என்பார்கள். "அழகு இல்லாட்டி போவுது, கரண்டு தாங்கும்" என்போம்.

கேட்டுக்கு உள்ளே, ஷிப்டு மாறுகிற இடத்தில், ஒரு நீளப் பலகை இருந்தது. சூளையிலிருந்து விரிந்தோ கோணியோ கொப்புளம் கண்டோ வந்த சரக்கில் ஒன்றிரண்டை எடுத்து அதில் வைப்பார்கள். பக்கத்தில் சாக்பீஸில் காரணம் எழுதியிருக்கும். "ஈரம் காயவில்லை." "சூடு அவசரம்." "அச்சு தேய்ந்திருக்கிறது." அதற்கு உடைசல் பலகை என்று பெயர். உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் டீ டம்ளரோடு அதன் முன் நின்று பேசுவார்கள். எங்களுக்கு அதுதான் தினப் பத்திரிகை.

அதை ஆரம்பித்தவர் பழைய சூளை மேஸ்திரி. அவர் பெயரை நான் எழுதவில்லை. பலகையில் யார் பெயரும் ஏறக் கூடாது என்று வைத்தவர் அவர். அவர் பெயரை மட்டும் இங்கே ஏற்றினால் அவருக்குப் பிடிக்காது. ஒரு முறை ஒரு ஆளின் சரக்கு மொத்தமாக விரிந்து வந்தது. யாரோ அந்த ஆளின் டோக்கன் நம்பரைப் பலகையில் எழுதிவிட்டார்கள். மேஸ்திரி வந்தார், தோளில் கிடந்த துண்டாலேயே அதைத் துடைத்தார்.

"விரிசலக் காட்டு. விரல நீட்டாத" என்றார்.

"அப்ப தப்பு பண்ணவனுக்கு எப்படிண்ணே ஒறைக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

"அது தன்னோட சரக்குன்னு அவனுக்கு நம்மள விட நல்லாத் தெரியும். நமக்குத் தெரிய வேண்டியது அது ஏன் விரிஞ்சுதுங்கறதுதான். அத அவன்தான் சொல்லணும். தன் நம்பரப் பலகையில பார்த்தப்புறம் சொல்லுவானா?"

அவர் காலத்தில் விரிந்த சரக்கை ஆட்களே கையில் எடுத்துவந்து பலகையில் வைத்தார்கள். எனக்கு அதன் அருமை அப்போது புரியவில்லை. ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேஸ்திரி ஓய்வு பெற்றுப் போனார். பிறகு ஒரு மேனேஜர் வந்தார். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். சொந்த நிலத்தில் இறங்கின மாதிரி உழைத்தவர். பலகையைப் பார்த்து, "யாரு செஞ்சதுன்னே இல்லாம இது எதுக்கு?" என்று கேட்டார். டோக்கன் நம்பரும் பேரும் எழுத உத்தரவு போட்டார். பலகைக்கு வருகிற உடைசல் மளமளவென்று குறைந்தது. எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்.

அந்த லட்டை நானும் தின்றேன். ஆனால் பின்பக்கம் உடைந்த சரக்கைக் கொட்டுகிற மேடு ஏறிக்கொண்டே போனது. கொட்டியிருப்பதைப் போய்ப் பார்த்தால் எல்லாம் சோளம் மாதிரிப் பொடிப்பொடியாகக் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். பீங்கானை மறைக்க ஒரு சுத்தியல் போதும்.

இனி பரிதாவிடம் வருகிறேன்.

பரிதா ஆர்டர் பகுதியில் இருந்தவர். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். கணவர் வளைகுடாவில் டிரைவர். வாடிக்கையாளர்களின் மெயில் முழுக்க அவர் மேசைக்குத்தான் வரும். எந்த அளவில் எத்தனை இன்சுலேட்டர், டிராயிங்கில் என்ன திருத்தம் என்று சரிபார்த்து சூளைக்கும் அச்சுப் பகுதிக்கும் அனுப்புவார். அந்தப் பகுதியின் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிற நேரம். அடுத்தது பரிதாதான் என்று மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பரிதா அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் புதிதாக ஒரு மேசை விரிப்பு வாங்கி வந்து டிராயரில் வைத்திருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் காலையில் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒண்ணத் தொட்டுட்டேன் சார். தொடக்கூடாததுன்னு தொட்டப்புறம்தான் தெரியுது."

"என்னம்மா?"

"நம்ம ரெகுலர் பார்ட்டி பேருல மெயிலு. திருத்துன டிராயிங்குன்னு போட்டிருந்துது. தொறந்தேன். ஸ்கிரீனு ஒரு தடவ கருத்து மறுபடி வந்துது. அவுங்க எப்பவும் டிராயிங் அனுப்பறதுக்கு முன்ன ஒரு போன் பண்ணுவாங்க. இன்னிக்கிப் பண்ணல. அது அப்பறந்தான் மண்டையில ஏறுச்சு."

நான் எழுந்து ஓடினேன். அவருடைய மெஷினின் வயரைப் பிடுங்கினேன். அதற்கப்புறம் நான் செய்தது சிஸ்டம்காரன் வேலை, அதை விடுங்கள். அந்த ஒரு மெஷினோடு போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் அது லைனில் இருந்திருந்தால் டிராயிங், அச்சு அளவு, ஆர்டர் எல்லாவற்றையும் வைரஸ் பூட்டியிருக்கும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஊரில் தும்பையே பிடித்துக் கொடுத்தவர் பரிதா. அதையேதான் மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல வேளை. ஆனா எல்லாருக்கும் பாடமா இருக்கணும். பலகையில போட்ருங்க" என்றார்.

"சார், பலகை சூளைச் சரக்குக்கு."

"தப்பு எங்க நடந்தா என்ன? ஷாப் ப்ளோர்ல பேரு போடறோம். ஆபீஸ்ல நடந்தா போடமாட்டோமா? தொழிலாளி என்னக் கேக்கமாட்டானா?"

"அவுங்களா வந்து சொன்னாங்க சார். சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் கம்பெனியே படுத்திருக்கும்."

"சொன்னதுக்கு நன்றி சொல்லுவோம். தொறந்ததுக்கு பேரு போடுவோம். ரெண்டும் வேற வேற."

நான் விடாமல் வாதாடினேன். குரல் வெளியே கேட்டிருக்கும்.  ஆனால் ஷாப் ப்ளோரிலும் பேர் போடக் கூடாது என்பதுதான் அவர் கேட்ட அந்தத் தொழிலாளி கேள்விக்குப் பதில். அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. சரியான பதில்கள் எனக்கு எப்போதும் அடுத்த நாள் குளிக்கும்போதுதான் வரும்.

பலகையில் பரிதா பெயர் ஏறியது. அத்தோடு போயிருந்தால் சாக்பீஸ்தான், அழிந்திருக்கும். சரக்கின் மேல் லாட் நம்பர் எழுதுகிற பையன்களுக்கு விளையாட்டுப் புத்தி. ஆபீஸ் சுவரில் நான் ஒட்டியிருந்த, ஏமாற்று மெயிலைப் பற்றிய விழிப்புணர்வுப் படத்தில் ஒரு தூண்டில் முள் இருக்கும். அதைப் பார்த்து ஒரு சின்னப் பீங்கான் தகட்டில் தூண்டிலைக் கவ்விய மீனை வரைந்தார்கள். கீழே "பரிதா" என்று எழுதி, சரக்கோடு சரக்காகச் சூளைக்குள் அனுப்பிவிட்டார்கள். அது பளபளவென்று வெந்து வந்து பலகையில் உட்கார்ந்தது. சூளையில் வெந்த எழுத்தைத் துண்டால் துடைக்க முடியாது.

முதல் நாள் பரிதாவும் சிரித்தார். "மீச வேற வெச்சிருக்கீங்க. கெளுத்தியாடா நானு?" என்று அந்தப் பையன்களையே கேட்டார். சபாஷ், தாங்கிக்கொண்டார் என்று நினைத்தோம். பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு மெயில் வந்தால், "மீனு, புழு வந்திருக்குது பாரு" என்பார்கள். சாப்பாட்டு வேளையில், "இன்னிக்கி மீன் கொழம்பா?" என்பார்கள். நம் விருத்தகாசியில் புண்ணியம் காசியை விட ஒரு வீசம் அதிகம் என்பார்கள் நம் ஊரில். புண்ணியம் எப்படியோ, வம்பு நிச்சயம் வீசம் அதிகம். சில நாளில் பரிதா கேட் வழியாக வருவதை விட்டு, லாரி வருகிற பின்வாசலைச் சுற்றி வர ஆரம்பித்தார். பொறுப்பாளர் பேச்சும் நின்றது. "கொஞ்ச நாள் போவட்டும்" என்றார் மேனேஜர்.

மழைக் காலம் ஆரம்பித்து, ஆர்டர் குவிந்திருந்த நேரம். காலையில் ஆபீஸைத் திறந்தால் டிராயிங் எதுவும் திறக்கவில்லை. எல்லாப் பைலும் பூட்டிக் கிடந்தது, ஸ்கிரீனில் பணம் கேட்டு மிரட்டல். பேக்கப் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதனால் பழையது திரும்ப வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் முழுக்க வந்த திருத்தங்கள் போனது போனதுதான். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நான் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாரும் பரிதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் அவர் மேசைக்கே வந்தார். "பரிதா, நேத்து எதையாவது தொறந்தீங்களா?"

"இல்லீங்க சார்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்லீங்க. தொட்டிருந்தா எழுந்து வந்து சொல்லியிருப்பேன். போன தடவ நான்தான சார் வந்து சொன்னேன்?"

"போன தடவ சொன்னதுக்கு என்ன ஆச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

தான் என்ன சொன்னோம் என்று மேனேஜருக்கே அப்போது புரியவில்லை. எனக்கும் அன்று முழுதாகப் புரியவில்லை. பரிதாவுக்குப் புரிந்தது. 

மத்தியானத்துக்குள் அது எந்த மெஷினிலிருந்து புறப்பட்டது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆர்டர் பகுதி இல்லை. சூளை அறையில் இருக்கிற மெஷின். முந்தின நாள் அங்கே உட்கார்ந்திருந்தவர் சூளை சூப்பர்வைசர் மாணிக்கம். மேஸ்திரியிடம் தொழில் கற்றவர், யாரையும் அதட்டிப் பேசாதவர்.

மேனேஜர் அறைக்குப் போகிற வழியிலேயே சூளையும் இருக்கிறது. நான் நடுவில் நின்றேன். உங்களுக்கும் இப்படி ஒரு இடம் வரும். கையில் உண்மை இருக்கும், கால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. நேரே மேனேஜரிடம் போய் மாணிக்கத்தின் பெயரைச் சொன்னால் பரிதா தப்பிப்பார். பலகையில் இன்னொரு தகடு ஏறும். அதற்கப்புறம் அந்தக் கம்பெனியில் ஒரு ஆள்கூட வாய் திறக்கமாட்டான். பரிதா இல்லை என்று மட்டும் சொன்னால், அடுத்த கேள்வி "அப்ப யாரு?" என்பதுதான். மாணிக்கமே வந்து சொன்னால் கதை வேறு. நான் சூளைப் பக்கம் போனேன்.

என்னைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. நான் கேட்கக்கூட இல்லை.

"பார்சல் வந்திருக்குது, விலாசம் சரிபாருன்னு வந்துதுண்ணே. பொண்ணுக்குச் சீமந்தத்துக்குச் சாமான் சொல்லியிருந்தேன், அதுவாக்கும்னு தொட்டேன். ஸ்கிரீன் ஒரு மாதிரி ஆடுச்சு. ஆப் பண்ணிட்டு எழுந்து போயிட்டேன்."

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாணிக்கம்."

"மருமவப்புள்ள இப்பதான் நம்ம ஷிப்டுல சேந்திருக்குது. கல்யாணம் ஆயி வருஷம் திரும்பல. தெனம் அந்தப் பலகை முன்னாடி நின்னு டீ குடிக்குது. அதுல மாமன் பேரு மீனாட்டம் தொங்குனா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவங்க வூட்டுக்குப் போறது?"

"அங்க பரிதாவ உக்கார வெச்சிக் கேட்டுக்கிட்டிருக்காங்க."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும்ணே. சொல்லிடறேன். எம்மேல சத்தியமா சொல்லிடறேன். சூளை உச்சிச் சூட்டுல இருக்குது. இப்ப விட்டுட்டு வந்தா மொத்த லாட்டும் போயிரும். எறங்கட்டும், நேரா வந்து சொல்லிடறேன்."

நான் சரி என்றேன்.

வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்பார். ஆனால் நம் ஊரில் பீங்கான் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள். சூளை உச்சியில் இருக்கும்போது கல்யாணத்துக்குப் போனதில்லை, சாவுக்குப் போனதில்லை. சூளை இறங்கட்டும் என்பது எங்களுக்குப் பழமொழியே இல்லை, மூச்சு. அங்கே பரிதாவுக்குள்ளும் ஒன்று உச்சியில் இருந்தது, அதற்கும் காத்திருக்கத் தெரியாது என்பதை இரண்டு பேருமே எண்ணிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நான் ஆர்டர் பகுதிக்குத் திரும்பினபோது மேசை காலி. பரிதா வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு மங்கலம்பேட்டை பஸ் பிடித்துப் போய்விட்டாராம். அவரைப் போகும்படி யாரும் சொல்லவில்லை. "இருங்க" என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த மேசை விரிப்பு டிராயரில் மடித்தபடியே கிடந்தது.

மறுநாள் காலை, சூளை இறங்கியதும், மாணிக்கம் முகம் கழுவிக்கொண்டு நேரே கேட்டுக்கு வந்தார். மேனேஜர் அறைக்குப் போவார் என்று நான் நினைத்தேன். அவர் பலகை முன்னால் போய் நின்றார். ஷிப்டு மாறுகிற நேரம், எல்லாரும் டீயோடு நின்றார்கள். மருமகனும் நின்றார்.

"அந்த மெயில தொறந்தது நானு. பரிதா இல்ல" என்றார். "தொறந்துட்டு ஆப் பண்ணிட்டுப் போயிட்டேன். அந்தப் புள்ளைக்கு இதுல ஒண்ணும் சம்பந்தம் இல்ல. இத நேத்தே சொல்லியிருக்கணும்."

 கூட்டத்தில் ஒருவர், "ஏண்ணே சொல்லல?" என்று கேட்டுவிட்டு, பலகையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மருமகன் டீக்காரரிடமிருந்து இன்னொரு டம்ளரை வாங்கி மாமனார் கையில் கொடுத்தார்.

"குடிங்க மாமா. ஆறுது" என்றார். அவ்வளவுதான்.

மேனேஜருக்கு விஷயம் போயிற்று. அவர் மாணிக்கத்தின் பெயரைப் பலகையில் போடவில்லை. வெகு நேரம் தன் அறையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அவரே இறங்கி வந்து அந்த மீன் தகட்டை எடுத்துக்கொண்டு போனார். பேர் எழுதுகிற வழக்கம் அன்றோடு நின்றது. என்னைக் கூப்பிட்டு, "பரிதாவப் பாத்துட்டு வாங்க. பொறுப்பாளர் வேலைக்கு ஆர்டர் ரெடியா இருக்குதுன்னு சொல்லுங்க. நான் வரணும்னா நானும் வரேன்" என்றார். தப்பை ஒத்துக்கொள்கிற மேனேஜர்கள் குறைவு. அதையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறேன்.

நானும் மாணிக்கமும் பஸ் ஏறினோம். வழி நெடுக மாணிக்கம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார். "மொதல்ல மன்னிப்பு. அப்பறம் வேல. ரெண்டையும் ஒண்ணா சொன்னா லஞ்சம் மாதிரி இருக்கும்ணே" என்றார். நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

பரிதா கடைத்தெருவில் தன் தம்பியின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட், விசா, ஆதார் என்று எல்லா வேலையும் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கிற கடை. நாங்கள் போனபோது ஒரு பெரியவர் போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மவன் அங்கருந்து பணம் போட்டிருக்கான்னு வந்திருக்குதும்மா. கீழ நீலமா இருக்குதே, அதத் தொடச் சொல்லுது."

"அதத் தொடாதீங்க பாய். ஒங்க மவன் பேரு என்னன்னு அதுக்குத் தெரியுதான்னு பாருங்க. தெரியாது. மவனுக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்க."

"தொட்டா என்னம்மா ஆவும்?"

"தொட்டுட்டீங்கன்னா ஒடனே எங்கிட்ட வாங்க. வெக்கப்பட்டுக்கிட்டு வூட்ல உக்காந்துடாதீங்க."

பெரியவர் போனார். பரிதா எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து ஸ்டூல் எடுத்துப் போட்டார். டீ சொன்னார். மாணிக்கம் பஸ்ஸில் மனப்பாடம் செய்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "தாயி" என்றார், அதோடு நின்றுவிட்டது.

"கேள்விப்பட்டேன்ணே" என்றார் பரிதா. "கேட்டுல நின்னு அத்தன பேரு முன்னாடி சொன்னீங்களாமே. எங்க வூட்டுக்காரருக்கு போன்ல சொன்னேன். அந்த மனுசனுக்கு என் சலாம் சொல்லுன்னாரு. ஒங்க பொண்ணுக்குச் சீமந்தம் நல்லபடியா முடியட்டும். அத நெனச்சுக்கிட்டு இத நெனைக்காதீங்க."

மாணிக்கம் டீயைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். நான் வேலையைப் பற்றிச் சொன்னேன். பொறுப்பாளர் இடம், மேனேஜர் சொன்னது, பலகையில் இனி பேர் இல்லை என்பது, எல்லாம் சொன்னேன். 

"வரலீங்க சார்."

"கோவமாம்மா?"

"இருந்துது. இப்ப இல்ல. மேனேஜர் மேலகூட இல்ல."

"அப்பறம் என்ன? நீங்க எதிர்பார்த்த வேல. ஒங்கள விட்டா அந்த எடத்துக்கு ஆளு இல்ல."

பரிதா துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"நானும் வரணும்னுதான் சார் நெனச்சேன். அப்பறம் ஒண்ண யோசிச்சுப் பாத்தேன். நாளைக்கு அங்க வந்து உக்காந்து, மறுபடி எதையோ தொட்டுடறேன்னு வைங்க. கைதான, தவறும். அப்ப எழுந்து ஒங்க ரூமுக்கு வருவனான்னு என்னையே கேட்டேன். வரமாட்டேன் சார். மொதல்ல ஆப் பண்ணுவேன். யாராச்சும் பாத்தாங்களான்னு சுத்தியும் பாப்பேன். ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கிட்டு வூட்டுக்குப் போயிடுவேன். முன்ன நான் அப்படி இல்ல. இப்ப அப்படித்தான் இருக்கேன், நல்லாத் தெரியுது. அப்படி ஒரு ஆளை அந்த எடத்துல நீங்க உக்கார வெக்கலாமா சார்? நீங்களே சொல்லுங்க."

வைக்கலாம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆசையும் அதுதான். ஆனால் அவர் கேட்டது என் தொழிலை. வாடிக்கையாளர் மெயில் முழுக்க வந்து சேருகிற மேசையில், தப்பு நடந்தால் மறைத்துவிடுவேன் என்று தன் வாயாலேயே சொல்கிற ஒருவரை வைக்கலாமா என்று நீங்கள் என்னைக் கேட்டிருந்தால், ஒரு நொடிகூட யோசிக்காமல், "கூடாது" என்று சொல்லியிருப்பேன். அந்தப் பதில் அவருக்கும் தெரிந்திருந்தது. நான் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். அதில் குறை காணவும் இல்லை.

வைரஸ் தின்ற பைல்களை நான் ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். காணாமல் போன திருத்தங்களை வாடிக்கையாளர்கள் திட்டிக்கொண்டே திரும்ப அனுப்பினார்கள். ஒரு மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்து என் அறை வாசல் வரைக்கும் நடந்து வந்தாரே, அந்த நடைக்கு மட்டும் எங்கேயும் பேக்கப் இல்லை. நீங்கள் வேலை பார்க்கிற ஆபீஸில் யாராவது அப்படி நடந்து வந்தால், அவர் என்ன தொட்டார் என்று கேட்பதற்கு முன்னால் அந்த நடையைப் பாருங்கள். அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று எந்தச் சாப்ட்வேர்காரனும் உங்களுக்குச் சொல்லமாட்டான். அது போனபின் எதைப் போட்டு அடைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

கடைக்கு ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றார். பரிதா அவர் பக்கம் திரும்பினார். நாங்கள் எழுந்தோம்.

"போயிட்டு வரோம்மா" என்றேன்.

"வாங்க சார்" என்றார். பிறகு மாணிக்கத்தைப் பார்த்து, "அண்ணே, டீய வெச்சிட்டீங்களே. குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

மாணிக்கம் நின்றபடியே அந்த ஆறிப்போன டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.